"ஒரு ஸ்டடி இருக்கிறது, சேர்கிறீர்களா?" மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாய்ப்புற்று, தைராய்டு, கழுத்துக் கட்டி என்று பரேல் பக்கத்து மருத்துவமனைகளுக்கு அலையும் நம் ஆட்களுக்கு மொழிபெயர்க்க நான் கூடப் போகத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் ஆட்கள்தான் பெரும்பாலும். சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரோ அவருடைய உதவியாளரோ "ஒரு ஸ்டடி (மருத்துவ ஆய்வு) நடக்கிறது, நீங்கள் சேரலாம்" என்பார். அந்த நிமிடத்தில் பாதிப் பேர் "நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் "டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

என் அத்தை கையெழுத்துப் போட்டவர். நாக்கு ஓரத்தில் ஆறாத புண். கூடவே பன்னிரண்டு வருடமாக மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். இந்த நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஐந்து நிமிடம் இந்தியில் ஏதோ சொல்லி, ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூட்டுவலி மாத்திரையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் விஷயம் தெரிந்து, "இவரைச் சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் போனது. நாக்கில் புற்று வைத்திருப்பவருக்கு இரண்டு வாரம் சின்ன விஷயம் இல்லை. அந்த அலைச்சல் இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: "உங்களுக்கு எது தெரியவில்லை, டாக்டர்?"

எல்லோரும் முதலில் பக்கவிளைவைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் செலவைக் கேட்பார்கள். அதெல்லாம் அப்புறம். ஆய்வு நடக்கிறது என்றால் டாக்டர்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேள்வி என்ன என்று முதலில் கேளுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். நல்ல ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

நம் மும்பையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாய்ப்புற்று ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் கைக்கு நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. வாயில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, கழுத்தில் கட்டி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமா? இல்லை, முதல் அறுவையிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட வேண்டுமா? உலகம் முழுக்க அறுவை நிபுணர்கள் அரை நூற்றாண்டாக இதில் இரண்டு கட்சியாக இருந்தார்கள். பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழு 2004 முதல் 2014 வரை நோயாளிகளைச் சேர்த்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முதல் 500 பேரின் முடிவு வந்தது. கழுத்தையும் சேர்த்து அறுவை செய்தவர்களில் மூன்று வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்து பார்த்தவர்களில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்குக் கழுத்தையும் சேர்த்துச் செய்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது என்பது கணக்கு. பாதகமான விளைவுகள் 3.6 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகக் கூடின என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. இன்று உங்கள் வீட்டில் ஒருவருக்கு முதல் அறுவையிலேயே கழுத்தையும் சேர்த்துச் செய்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் பத்து வருடம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட நோயாளிகள் இருக்கிறார்கள்.

டாக்டரின் பதில் உங்களுக்குப் புரியும்படி இரண்டு மூன்று வாக்கியத்தில் வர வேண்டும். "இது புதுசு, நல்லது" என்று மட்டும் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். நல்லது என்று முன்பே தெரிந்துவிட்டால் ஆய்வு எதற்கு?

இரண்டாம் படி: குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் என்ன கிடைக்கும்?

பெரும்பாலான ஒப்பீட்டு ஆய்வுகளில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது. நம் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் குலுக்கல் இல்லாவிட்டால் உடம்பு திடமாக இருப்பவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள், முடிவை நம்ப முடியாது.

மூன்று விஷயங்களைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: முதல் பிரிவில் விழுந்தால் என்ன, இரண்டாவதில் விழுந்தால் என்ன, ஆய்வில் சேராவிட்டால் இதே மருத்துவமனையில் எனக்கு என்ன சிகிச்சை. மூன்றாவது பதில் மிக முக்கியம். ஆய்வின் ஒரு பிரிவில் கிடைப்பது வழக்கமான சிகிச்சையைவிடக் குறைவு என்று தோன்றினால், ஏன் என்று கேளுங்கள். வெறும் உப்புநீரோ மாவு மாத்திரையோ தரும் பிரிவு இருக்கிறதா, அப்படியென்றால் வழக்கமான மருந்தும் கூடவே தொடருமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: தாளைத் தமிழில் வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

நோயாளி தகவல் தாள், ஒப்புதல் படிவம் என்று இரண்டு உண்டு. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மும்பையில் மராத்தி, இந்தி, ஆங்கிலத் தாள் தயாராக இருக்கும். தமிழ்த் தாள் கேட்டால்தான் வரும். சில இடங்களில் கேட்ட பிறகு மொழிபெயர்த்து, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கித் தந்திருக்கிறார்கள். தமிழ்த் தாள் இல்லவே இல்லை என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் சார்பில்லாத சாட்சி ஒருவர் முழுநேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வெளியே வராண்டாவில் நின்றவரைக் கடைசியில் கூப்பிட்டுப் போடச் சொல்லும் கையெழுத்து அது இல்லை.

அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் பெரும்பாலும் இருக்காது. ஓ.பி.டி. நெரிசலில் எதுவும் மண்டையில் ஏறாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் யாராவது சத்தமாக வாசிக்க, நோயாளி கேட்கட்டும். புரியாத இடத்தில் பேனாவால் கோடு போட்டு, மறுமுறை போகும்போது கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். அதைச் சிகிச்சைக் கோப்பின் மேலேயே வையுங்கள்.

நான்காம் படி: பதிவு எண், நெறிமுறைக் குழு

இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு இருக்கிறது. 2007-ல் ஆரம்பித்தது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். தகவல் தாளில் சி.டி.ஆர்.ஐ., ஆண்டு, மாதம், எண் என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அந்தத் தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் காலேஜ் போகும் பிள்ளையிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், முக்கியமாக எதை அளக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். "யாரைச் சேர்க்க மாட்டார்கள்" என்ற பகுதியை நாங்கள் முன்பே பார்த்திருந்தால் அத்தைக்கு அந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் தகவல் தாளில் இருக்கும். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதரும் ஒரு பெண்ணும் கட்டாயம். உங்களுக்காகப் பேச வேண்டிய குழு அது. எண்ணை போனில் பதிந்து வையுங்கள்.

ஐந்தாம் படி: பழைய நோயை மறைக்காதீர்கள், முக்கியமாக முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றை

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாங்கள் தவறியது இங்கேதான். உடம்பின் காவல் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள் இருக்கின்றன. முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், வாயும் கண்ணும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோய், சிலருக்குத் தைராய்டு. தலை, கழுத்து அறுவைக்குப் போகும்போது இவை ஒவ்வொன்றும் குறுக்கே வந்து நிற்கும்.

பல வருட முடக்குவாதத்தில் கழுத்து எலும்பின் மேல் இரண்டு கணுக்கள் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போதும் கழுத்தில் அறுவை செய்யும்போதும் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். தளர்ந்த கணுவை அப்படிச் சாய்த்தால் தண்டுவடத்துக்கு ஆபத்து. அதனால் மயக்க மருந்து டாக்டரிடம் "எனக்கு முடக்குவாதம், கழுத்து எக்ஸ்ரே தேவையா?" என்று நீங்களே கேளுங்கள். நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் அறுவைக்காக என்று சொந்தமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டை உடம்பு தானாகச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஷோக்ரன் இருப்பவருக்கு ஏற்கெனவே எச்சில் குறைவு. அதன்மேல் கதிர்வீச்சும் சேர்ந்தால் வாய் பாலைவனமாகும், பல் சொத்தை பெருகும். முன்கூட்டியே பல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

முடக்குவாதத்துக்கே நடக்கும் ஆய்வில் உங்களைச் சேர்க்கிறார்களா? அதில் உயிரியல் மருந்து என்று சொல்லும் ஊசிகள் இருந்தால், காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயைச் சில ஊசிகள் எழுப்பிவிடும். மும்பைச் சால்களில் நெருக்கியடித்து வாழ்ந்த நமக்கு இது வெறும் சடங்குக் கேள்வி இல்லை.

புற்றுநோய் ஆய்வுகளில் இப்போது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகள் அதிகம். நிவோலுமாப் அதில் ஒன்று. அது உடம்பின் காவல்காரனுக்குப் போட்ட பிரேக்கை எடுத்துவிடும். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு டாடா மெமோரியல் குழு இந்த மருந்தை 20 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் 16.3 சதவீதம், இந்த மருந்தும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம் என்று 2023-ல் வெளியிட்டார்கள். முழு அளவு வாங்க வசதியில்லாத நாட்டுக்கு இது பெரிய செய்தி. ஆனால் ஏற்கெனவே தன் உடம்பையே தாக்கும் காவல்காரனை வைத்திருப்பவருக்குப் பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும்? மூட்டு, குடல், நுரையீரல், தைராய்டு என்று எங்கேயும் பற்றிக்கொள்ளலாம். அதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளில் முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அத்தையைத் திருப்பி அனுப்பியது சரியான முடிவுதான். அதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு விஷயம், எங்கள் வீட்டில் பெரிய குழப்பமானது. அத்தை மூட்டுவலிக்கு வாரம் ஒருமுறை சாப்பிட்டது மெத்தோட்ரெக்சேட். வலி கூடும்போது செலிகாக்சிப். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு டாடா மெமோரியல் நடத்திய ஆய்வு ஒன்றில் ஊசிமூலம் தரும் சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இதே இரண்டு மாத்திரைகளைத்தான், 422 பேரிடம். 2020-ல் முடிவு வந்தது: மாத்திரைப் பிரிவில் பாதிப் பேர் 7.5 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், ஊசிப் பிரிவில் பாதிப் பேர் 6.1 மாதத்துக்கு மேல். கடுமையான பக்கவிளைவும் மாத்திரையில் குறைவு. ஆனால் அளவு வேறாக இருக்கலாம், நோக்கமும் வேறு. "நான்தான் ஏற்கெனவே சாப்பிடுறேனே" என்று அத்தை சொன்னதுபோல் நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாமல் மேலும் கொடுத்தால் ரத்த அணுக்கள் விழுந்துவிடும்.

செய்ய வேண்டியது சுலபம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். ஊரிலிருந்து வரும் லேகியம், மூட்டுவலிக்கென்று மடித்துத் தரும் பொடி, எதையும் விடாதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது.

ஆறாம் படி: வலியைத் தமிழில் சொல்லுங்கள்

அறுவை ஆய்வோ மருந்து ஆய்வோ, வலியை அளக்காமல் இருக்க மாட்டார்கள். 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வார்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மோசமான வலி. நம் பெண்கள் பலர் எட்டு வலியை வைத்துக்கொண்டு "நாலு" என்பார்கள். பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமை. தயவுசெய்து இங்கே வேண்டாம். தைராய்டு அறுவையின்போது கழுத்தின் இரண்டு பக்கமும் மரப்பு ஊசி போட்டால் பின்னால் வலி குறைகிறதா என்பதுபோன்ற ஆய்வுகளில், நீங்கள் சொல்லும் எண்ணையும் எத்தனை முறை வலி மருந்து கேட்டீர்கள் என்பதையும் வைத்துத்தான் முடிவு எழுதுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் நீங்களும் கஷ்டப்படுவீர்கள், முடிவும் பொய்யாகும். எந்தப் பிரிவில் இருந்தாலும் கேட்டால் வலி மருந்து தருவார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், எப்படிப்பட்ட வலி என்பது. கழுத்து அறுவை முடிந்த ஒரு அக்காவோடு போயிருந்தேன். டாக்டர் கேட்டதற்கு அவர் தனக்குத் தெரிந்த இந்தியில் "துக்தா ஹை" (வலிக்கிறது) என்றார். எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். "காதுக்குக் கீழே சுருக் சுருக்குனு கரண்ட் அடிக்குது, ரவிக்கைக் கழுத்து பட்டாலே எரியுது. தோள்ல அது வேற, பாறாங்கல்ல வச்ச மாதிரி இழுக்குது. ட்ரெயின்ல மேல தொங்குற பிடியப் பிடிக்கக் கை ஏறல" என்றார். மூன்று தனித்தனி விஷயங்கள். சுருக்கென்பதும் எரிச்சலும் நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. கை ஏறாமல் இருப்பது, கழுத்து வழியாகத் தோளுக்குப் போகும் நரம்பு அறுவையில் இழுபட்டதால் வரலாம், அதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். "துக்தா ஹை" என்ற இரண்டு சொல்லில் இத்தனையும் தொலைந்துபோயிருக்கும்.

குத்தல், குடைச்சல், கடுகடுப்பு, எரிச்சல், விண்விண் என்று தெறிப்பது, மதமதப்பு. நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எண், எப்படிப்பட்ட வலி, என்ன செய்தால் கூடுகிறது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். ராத்திரி தாங்காமல் போட்ட ஒற்றை காம்பிஃப்ளாம் வலி மாத்திரையையும் எழுதுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். மொழிபெயர்ப்பவர் அந்த நோட்டை வாசித்தால் போதும்.

ஏழாம் படி: பணமும் பாதிப்பும்

ஆய்வு மருந்து, ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேன், கூடுதல் வருகைக்கான போக்குவரத்து, இவற்றில் எது எது அவர்கள் செலவு என்பது தாளில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மருந்து ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வால்தான் பாதிப்பு என்றால் இழப்பீடும் உண்டு என்று 2019 விதிகள் சொல்கின்றன. அறுவை முறைகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் வழிகாட்டும். எதுவானாலும் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு, எண்ணை வாங்கி, அங்கேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: விலகுவது, ஊருக்குப் போவது

காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விலகாமலேயே காணாமல் போவதுதான் நம் ஆட்களிடம் அதிகம். அறுவை முடிந்ததும் "கொஞ்ச நாள் ஊரில் இருந்துட்டு வரேன்" என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுவார்கள், சிம் கார்டும் மாறிவிடும். ஆறாவது மாதம் மருத்துவமனையிலிருந்து அழைத்தால் "ஸ்விட்ச் ஆஃப்". ஆள் நலமாக இருக்கிறாரா, புற்று திரும்பியதா என்று தெரியாமல் அவர் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம் விழும். அதனால் சேரும் அன்றே இரண்டு எண் கொடுங்கள்: மும்பையில் இருக்கும் ஒருவருடையது, ஊரில் இருக்கும் ஒருவருடையது. பொங்கலுக்கோ மே மாத லீவுக்கோ ஊருக்குப் போவதாக இருந்தால் தேதியை முன்பே சொல்லுங்கள். பரிசோதனை நாளை முன்னே பின்னே நகர்த்த வழியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கடைசி வருகையில், "முடிவு வந்ததும் எனக்கும் சொல்வீர்களா?" என்று கேட்டு, விலாசத்தைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.